உத்தியோகம் தேடும் கிராம வாலிபர்

விழுப்புரம் ஜில்லா வானூர் தாலுகாவைச் சேர்ந்த இரும்பை, புதுச்சேரிக்கு வடக்கே ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் தூரத்திலுள்ள கிராமமாகும். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற மகாகாளேசுவரர் கோயிலாலும், அதையடுத்த ஏரியாலும் அவ்வூர் பலராலும் அறியப்பட்டது. ஏரிப் பாசனத்தில் நெல்லும், மேட்டுச் செம்மண் நிலங்களில் நிலக்கடலை, முந்திரி, சவுக்கு ஆகியவையும் விளைகின்றன. அதற்கு வடக்கே கழுவேலி என்னும் பரந்த உவர்நீர் ஏரியும், அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்களும் உள்ளன. 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அருகே ஆரோவில் நகரம் தோன்றிய பின்னர், சுற்றியுள்ள கிராமத்தார் பலருக்கு அங்குள்ள தோட்டங்களிலும் தொழிற்கூடங்களிலும் கட்டட வேலைகளிலும் கூலியும் சம்பளமும் கிடைத்து வருகின்றன. ஆகவே, வேலையே இல்லாத வட்டாரம் இதுவென்று சொல்வதற்கில்லை. ஆயினும் பத்தாவது அல்லது பன்னிரண்டாவது வகுப்புத் தேறிய வாலிபர் அநேகர் இவ்வட்டாரத்தில் இரண்டு, மூன்று வருஷங்களை யாதொரு வேலையும் பழகாமலே கழித்துவிடுகின்றனர். இதற்குரிய காரணம் யாது, அதற்குச் செய்யத்தக்கது யாது என்பது பற்றிச் சில விஷயங்கள் கீழே கூறப்படுகின்றன.

இவ்வட்டாரத்துக் குடும்பங்களின் வருஷக் கணக்கு ஒரே சீரானதன்று. உப்பளத்தில் வேலை தை மாதம் தொடங்கி, மழை பிடிக்கும் வரையில் நடைபெறும். வடகிழக்குப் பருவமழை விழுந்தவுடன் பாத்திகளில் மழைநீர் நின்று, உப்பளத் தொழிலாளிக்கு ஏறக்குறைய மூன்று மாதம் வேலை அற்றுப் போகின்றது. இந்த இடைக்காலத்திற்கென்றே உப்பளத் தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு ரூபாய் 5,000 நிவாரணமாக அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசாங்கம் 2022-ஆம் ஆண்டில் ஏற்படுத்தியது. மானாவாரி நிலக்கடலை பயிரிடுவோர்க்கும் மழை பொய்த்தால் இதே நிலைமைதான். இத்தகைய குடும்பத்தில் ஒரு பிள்ளையாவது மாதச் சம்பளத்தில் அமர வேண்டும் என்று தாய் தந்தையர் விரும்புவது முற்றிலும் நியாயமே. அந்த விருப்பம் ஒரே வாயிலை மட்டும் பார்த்து நிற்பதனால்தான் சங்கடம் உண்டாகின்றது. அவ்வாயில் சர்க்கார் உத்தியோகம்.

சர்க்கார் உத்தியோகத்தில் கிராமத்தாருக்குள்ள ஆசை புதியதன்று. சென்னை மாகாணத்தில் 1929-ஆம் ஆண்டிலேயே, இந்திய மாகாணங்களுள் முதலாவதாக, உத்தியோகங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கச் சர்வீஸ் கமிஷன் ஒன்று நிறுவப்பட்டது. அதன் வழிவந்ததே இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். சிபாரிசு இன்றி, பரீட்சை ஒன்றினாலேயே கூலிக்காரர் மகனும் கிராம நிர்வாக அலுவலராக வரக்கூடும் என்பது இந்த ஏற்பாட்டின் பெருமை; அதில் ஐயமில்லை. எனினும் எண்ணிக்கையையும் கவனித்தல் வேண்டும். 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் நான்காம் தொகுதிப் பரீட்சைக்கு 6,244 இடங்கள் அறிவிக்கப்பட்டன. விண்ணப்பித்தவர் ஏறக்குறைய 20 லட்சம் பேர். பின்னர் இடங்கள் கூட்டப்பட்ட போதிலும், ஓரிடத்திற்கு இருநூறு பேருக்கு மேற்பட்டவர் போட்டியிட்டனர் என்றே கணக்கு வருகின்றது. ஒரு படி விதையில் ஒரேயொரு மணி முளைக்கும் என்று தெரிந்தால், எந்தக் குடியானவனும் தன் நிலம் முழுவதிலும் அந்த விதையையே விதைத்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டான். பிள்ளையின் வயது விஷயத்தில் மட்டும் அவ்வாறு செய்யப்படுகின்றது.

இதனால் பரீட்சை எழுதலாகாது என்பது பொருளன்று. எழுத வேண்டிய முறையில் எழுதுவதும், அதற்கு ஓர் எல்லை வைத்துக்கொள்வதும் அவசியம் என்பதே கருத்து. நான்காம் தொகுதிப் பரீட்சையில் மொத்தம் 200 வினாக்கள். அவற்றுள் 100 வினாக்கள் தமிழைப் பற்றியவை. தமிழ்ப் பகுதியில் நூற்றுக்கு நாற்பது வீதம் பெறாதவரின் மற்றப் பகுதி மதிப்பிடப்படுவதே இல்லை. கிராமப் பள்ளியில் தமிழில் படித்தவனுக்கு இது அநுகூலமான ஏற்பாடு. பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை ஆறாவது முதல் திரும்பவும் வரிவரியாகப் படிப்பது, பணம் கட்டிப் பெறும் பல குறிப்புப் புத்தகங்களைக் காட்டிலும் மிகுந்த பயன் தரும்.

இதனினும் முக்கியமான மற்றொரு சலுகையைப் பலர் தாமே இழந்துவிடுகின்றனர். தமிழ் வழியில் பயின்றவர்களுக்கு நேரடி நியமனங்களில் நூற்றுக்கு இருபது இடம் ஒதுக்கும் சட்டம் 2010-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அந்த உத்தியோகத்துக்குரிய படிப்பு முடியும் வரையில் எல்லா வகுப்புகளையும் தமிழ் வழியிலேயே படித்திருத்தல் வேண்டும்; அதற்குப் படித்த ஒவ்வொரு பள்ளியினின்றும் சான்று பெறுதல் வேண்டும். பரீட்சையில் தேறிய பின்னர் ஆரம்பப் பாடசாலையைத் தேடி ஓடுவோர், அப்பள்ளி மூடப்பட்டோ வேறொன்றுடன் சேர்க்கப்பட்டோ போயிருப்பதைக் கண்டு திகைக்கின்றனர். படிப்பை முடித்த வருஷத்திலேயே, தலைமை ஆசிரியர்கள் அறிந்த முகமாக இருக்கும்போதே, இச்சான்றுகளை வாங்கி வைப்பது நலம்.

தட்டச்சும் இவ்வகையில் கவனிக்கத்தக்கது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுப் பரீட்சைகளில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேறியவர்கள், தட்டச்சர் இடங்களுக்கும் போட்டியிடலாம். அவ்விடங்களுக்கு எல்லோரும் தகுதி பெறாமையால் கூட்டம் குறைவு. சில மாதப் பழக்கத்தினால் அடையக்கூடிய இத்தகுதியை விட்டு, இரண்டு வருஷம் பொது அறிவை மட்டும் மனப்பாடம் செய்வது வீண் முயற்சியே. பரீட்சையை இத்தனை முறை எழுதுவது என்று வீட்டாருடன் கலந்து முன்னதாகவே தீர்மானித்துக் கொள்ளல் வேண்டும். இரண்டு முறை என்பது பெரும்பாலோர்க்கும் போதுமானது. அக்காலத்திலும் பகற்பொழுது முழுவதையும் புத்தகத்திற்கே ஒதுக்குதல் அநாவசியம். ஏதேனும் ஒரு தொழிலில் கை பழகிக்கொண்டே படிப்பவன், பரீட்சை தவறினாலும் வெறுங்கையனாக நிற்கமாட்டான். மகனுடைய பயிற்சிப் பள்ளிக் கட்டணம், வெயிலில் உப்புச் சுமக்கும் தாயின் கூலியிலிருந்து போகின்றது என்பதையும் இவ்விடத்தில் நினைவில் வைத்தல் தகும்.

கையிலிருக்கும் தொழிலறிவு

வேலை தேடுவோன் முதன்முதல் செய்யவேண்டிய காரியம், தனக்கு என்ன தெரியும் என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பதேயாம். "எனக்கு ஒன்றும் தெரியாது, பன்னிரண்டாவது படித்திருக்கிறேன்" என்று சொல்லும் குடியானவர் பிள்ளைக்குப் பம்புசெட்டு மோட்டாரின் கோளாறு தெரியும். சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை எடுக்கத் தெரியும். முந்திரியில் ஒட்டுக் கட்டத் தெரியும். டிராக்டர் ஓட்டத் தெரியும். கூலியாட்களின் கணக்கு எழுதத் தெரியும். இவை யாவும் சம்பளம் பெறத்தக்க திறமைகளே. சான்றிதழ் இல்லாமையால் மட்டும் அவை மதிப்பின்றிக் கிடக்கின்றன.

உப்பளத்தை உதாரணமாகக் கொள்ளலாம். உப்பளம் என்றவுடன் வாருவதும் சுமப்பதும் மட்டுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அது நுட்பமான இரசாயனத் தொழில். உவர்நீரைத் தேக்கத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பல பாத்திகளில் விட்டு, வெயிலிலும் காற்றிலும் சுண்டச் செய்து, கடைசிப் பாத்தியில் உப்பு விளைவிக்கப்படுகின்றது. நீரின் செறிவைப் 'போமே' என்னும் பாகையால் அளப்பர். 1768-இல் இவ்வளவுகோலை அமைத்த பிரெஞ்சு இரசாயனர் ஆந்துவான் போமேயின் பெயரே இதற்கு வழங்குகின்றது. கடல்நீர் ஏறக்குறைய மூன்று முதல் மூன்றரைப் பாகை வரை இருக்கும். நீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்புச் சத்தும், பிறகு ஜிப்சமும் படியும். ஏறக்குறைய 25 பாகையில் உப்பு மணிகட்டத் தொடங்கும். 29 பாகையைத் தாண்டிய பின்னரும் நீரை வெளியேற்றாது விட்டால், மக்னீசிய உப்புகள் கலந்து, உப்பு கசப்பும் நீர்க்கசிவும் உள்ளதாகிவிடும், விலையும் இறங்கும். ஆகவே எந்த நாளில் எந்தப் பாத்திக்கு நீர் விடுவது, எப்பொழுது கசப்பு நீரைக் கழிப்பது என்பதைத் தீர்மானிப்பவனிடமே உப்பளத்தின் இலாப நஷ்டம் இருக்கின்றது.

பரம்பரைத் தொழிலாளி இதை நாவினாலும் கண்ணினாலும் அறிவான். அவன் மகன், அந்த அறிவோடு கண்ணாடி அளவுகோலைக் கொண்டு பாகை பார்க்கவும், அதை நாள்தோறும் நோட்டுப் புத்தகத்தில் பதியவும், மழை, காற்று, விளைச்சல் ஆகியவற்றுடன் ஒப்பிடவும் பழகினானாகில், அவன் சுமைக்கூலியின் நிலையிலிருந்து மேற்பார்வையாளன் நிலைக்கு உயரும் வழியில் கால் வைத்தவனாவான். பத்தாவது வகுப்பு விஞ்ஞானமும் கணக்கும் இதற்குப் போதும். உப்பு ஆலைகள், அயோடின் கலக்கும் நிலையங்கள், நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் முதலியவற்றில் இதே பழக்கம் வேறு பெயர்களில் வேண்டப்படுகின்றது. உப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே குஜராத்தில் பாவ்நகரில் 1954-இல் மத்திய ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது என்பதிலிருந்து இத்தொழிலின் ஆழம் விளங்கும்.

விவசாயத்திலும் இப்படியே. நிலக்கடலைக்குப் பெயர்போன திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இவ்வட்டாரத்திற்கு அருகிலேயே உள்ளது. 'டி.எம்.வி.' என்று தொடங்கும் கடலை, எள் இரகங்களின் பெயரில் மறைந்திருப்பது திண்டிவனமே. கலப்பற்ற விதையைப் பிரித்தறிவதும், விதைப் பண்ணையில் வேற்று இரகச் செடிகளைக் களைவதும் அறிந்த வாலிபன், விதை உற்பத்தி செய்யும் ஸ்தாபனங்களுக்கு வேண்டிய ஆள். அவனுடைய தகப்பன் இதை நாற்பது வருஷமாகச் சம்பளமின்றிச் செய்துவருகின்றான்.

பயிற்சிக்குரிய இடங்கள்

கையறிவைச் சான்றுள்ள தொழிலாக மாற்றுவதற்கு இவ்வட்டாரத்தாருக்கு உள்ள வசதி பெரிது. ஒன்று குறிப்பிடத்தக்கது. குடியானவர்களுக்கும் கிராம வாலிபர்களுக்கும் தொழிற்பயிற்சி தருவதற்கென ஏற்பட்ட வேளாண் அறிவியல் நிலையங்கள் இந்தியாவில் இப்பொழுது எழுநூற்றுக்கு மேல் உள்ளன. அவற்றுள் முதலாவது நிலையம் இரும்பைக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியிலேயே, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் 1974-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கப்பட்டது. மோகன்சிங் மேத்தா தலைமையில் 1973-இல் அமைந்த குழுவின் யோசனைப்படி, புத்தகப் படிப்பாக அன்றிச் செய்து கற்கும் முறையில் பயிற்சி நடைபெற வேண்டும் என்பது இதன் அடிப்படை. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவனும் இங்கே மாணாக்கனாகலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை. புதுச்சேரி நிலையம் இப்பொழுது புதுச்சேரிப் பிரதேசத்துக்கு உரியது. விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த இரும்பையார் நாடவேண்டியது திண்டிவனத்திலுள்ள நிலையமாகும். காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, நாற்றங்கால் வைத்தல், கறவை மாடு, கோழி வளர்ப்பு முதலியவை இத்தகைய நிலையங்களில் கற்பிக்கப்படும் விஷயங்கள்.

பயிற்சிக்குக் காலம் பார்த்தல் முக்கியம். உப்பளக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களே ஏற்றவை. அப்பொழுது பாத்தியில் வேலை இல்லை. நிலக்கடலைக் குடும்பத்திற்கு மார்கழி, தை மாதங்களில் இறவைக் கடலை விதைப்பு இருக்குமாதலால் அதற்கு முன்னரே முடித்துக்கொள்ளல் வேண்டும். அறுவடைக் காலத்தில் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பாதியில் நின்றுவிடுவோர் தங்கள் இடத்தையும் பிறர் இடத்தையும் கெடுத்தவராவர்.

இரண்டு வருஷம் படிக்க வசதியுள்ளவர்களுக்கு வேளாண்மை, தோட்டக்கலைப் பட்டயப் படிப்புகள் உண்டு. உதவி வேளாண்மை அலுவலர், உதவித் தோட்டக்கலை அலுவலர் ஆகிய உத்தியோகங்களுக்கு இப்பட்டயமே தகுதி. பட்டதாரிகள் கூட்டங் கூட்டமாக மோதும் பொதுப் பரீட்சையைவிட, இத்தகைய குறிப்பிட்ட தகுதியுள்ள உத்தியோகத்தில் போட்டி குறைவாயிருக்கும். உத்தியோகம் கிடைக்காவிட்டாலும், உரம், விதை, மருந்துக் கடை வைக்க அது உதவும். முன்னரே கடை வைத்திருப்பவர்களுக்காக ஐதராபாத்திலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க நிர்வாக நிலையம் 2003-இல் ஏற்படுத்திய ஒரு வருஷப் பட்டயம் உண்டு. அது கடையை மூடாமல் வாரம் ஒரு நாள் படித்து முடிக்கத்தக்கது.

இயந்திரங்களில் நாட்டமுள்ளவர்களுக்குச் சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையங்களே சிறந்த வாயில். பொருத்துநர், மின்பணியாளர், டீசல் இயந்திரப் பணியாளர் ஆகிய பிரிவுகளைக் கற்றவன் கிராமத்திலும் பிழைக்கலாம், நகரத்திலும் பிழைக்கலாம். 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 71 சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையங்களை நவீன இயந்திரங்களுடன் புதுப்பிக்கும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. தேறிய பின்னர் 1961-ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டப்படி ஒரு தொழிற்சாலையில் உதவித்தொகையுடன் பழகி, தேசியச் சான்று பெறுதல் வேண்டும். இந்த ஒரு வருஷத்தைச் சம்பளம் குறைவு என்று தள்ளிவிட்டு, கிடைத்த கூலி வேலைக்குப் போய்விடுவோர் உண்டு. ஐந்து வருஷங்கழித்துப் பார்த்தால், பழகுநராக இருந்தவன் ஒரு தொழிலுக்கு உரியவனாகவும், மற்றவன் இன்னும் உதவியாளாகவும் இருப்பதைக் காணலாம். வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டுவதற்குரிய சான்றுக்கும் பத்தாவது வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் போதுமானவை. இதனால் வருஷம் முழுவதும் வேலை கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கி ட்ரோன் வாங்குவது மட்டும் யோசித்துச் செய்யவேண்டிய காரியம்.

பத்திரங்களும் விண்ணப்பமும்

திறமை இருந்தும் காகிதக் குறையினால் வேலை இழப்போர் தொகை கொஞ்சமன்று. பெரும்பான்மையான குறை பெயரில் வருவது. பள்ளிச் சான்றில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னும், ஆதாரில் பின்னும், வங்கிப் புத்தகத்தில் முழுப்பெயராகவும் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். பத்தாவது வகுப்புச் சான்றிலுள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கிசையத் திருத்திக்கொள்வதே எளிது. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தின் மூலம் விண்ணப்பித்துப் பெறலாம். விளம்பரம் வந்த பின்னர் ஓடுவதனால் கடைசித் தேதி தவறிப்போகும்.

வேலைவாய்ப்பு அலுவலகங்கள், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தரும் பொருட்டு 1945-இல் தோன்றி, பின்னர் எல்லோருக்கும் பொதுவாயின. இப்பொழுது நியமனங்களில் பெரும்பாலானவை பரீட்சையின் வழியே நடைபெறுவதால், பதிவு செய்துவிட்டு அழைப்பை எதிர்பார்த்திருப்பதில் அதிகப் பயன் இல்லை. எனினும் பதிந்து, மூன்று வருஷத்திற்கொருமுறை தவறாமல் புதுப்பித்து வருதல் வேண்டும். புதுப்பிக்காதவர் மூப்பை இழக்க நேரும். அந்த அலுவலகங்கள் அவ்வப்போது நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கு நேரிற் செல்வது பதிவைவிடப் பலன் தருவது. தனியார் ஸ்தாபனங்களின் காலியிடங்களைக் காட்டும் இணையதளம் ஒன்றையும் தமிழ்நாடு அரசாங்கம் 2020-இல் தொடங்கியது.

விண்ணப்பம் ஒரு பக்கத்திற்கு மேற்படலாகாது. பெயர், முகவரி, படிப்பு ஆகியவற்றுக்குப் பின், செய்த வேலைகளைத் தெளிவாக எழுத வேண்டும். 'விவசாய வேலை தெரியும்' என்று எழுதுவதற்கும், 'மூன்று ஏக்கர் நிலக்கடலைக்கு இரண்டு வருஷம் சொட்டுநீர்ப் பாசனம் கவனித்து, செலவு வரவுக் கணக்கு எழுதியுள்ளேன்' என்று எழுதுவதற்கும் உள்ள வேற்றுமையை முதலாளி உடனே உணர்வார். அயலார் எழுதிய நமூனாவைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவது கூடாது. அதில் கண்ட திறமையைப் பற்றிக் கேள்வி வரும்போது விழிக்க நேரும். நேர்முகத் தேர்வில் கிராமத்துப் பிள்ளைகள் பயத்தினால் ஒற்றைச் சொல்லில் விடை கூறுகின்றனர். தான் செய்த ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஐந்து நிமிஷம் தமிழிலே தெளிவாகச் சொல்லப் பழகினால், அப்பயம் பெரும்பாலும் நீங்கும். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்வது இழுக்கன்று. சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் உண்டா, வேலை நேரம் எவ்வளவு என்பவற்றைப் பணிவுடன் கேட்டறிவது வேலை தேடுவோனின் உரிமை. அதைக் கேட்டால் வேலை போய்விடும் என்றெண்ணுவது தவறு.

தரகர் விஷயத்தில் ஜாக்கிரதை

வேலைக்கு முன்பணம் கேட்பவரிடம் பெரும்பாலும் வேலை இராது. சர்க்கார் உத்தியோகம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பெறுவோர், பத்துப் பேரிடம் வாங்கி, தற்செயலாகத் தேறிய ஒருவனைத் தமது சாமர்த்தியத்திற்குச் சாட்சியாகக் காட்டுவர். நகையை அடகு வைத்தும், அரைக் காணி நிலத்தை விற்றும் இவ்வாறு பணம் கொடுத்த குடும்பம், பையனுடைய வேலையையும் இழந்து, இருந்த நிலத்தையும் இழக்கின்றது.

வெளிநாட்டு வேலையில் அபாயம் இன்னும் பெரிது. ஆட்களை வெளிநாட்டுக்குச் சேர்க்கும் முகவர்கள் 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அவர்கள் தொழிலாளியிடமிருந்து பெறக்கூடிய கட்டணத்திற்கும் உச்சவரம்பு உண்டு. பதிவு எண்ணை அரசாங்கத்தின் குடிபெயர்வு இணையதளத்தில் சரிபார்க்கலாம். பத்தாவது வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது குடிபெயர்வு அநுமதி பெறுதல் வேண்டும் என்ற விதி அவர்களுடைய பாதுகாப்புக்காகவே ஏற்பட்டது. அதைத் தவிர்க்கச் சுற்றுலா அநுமதியில் அழைத்துச் செல்வதாகச் சொல்பவரை நம்பலாகாது. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லப்பட்டு, மியான்மரின் மியாவாடிப் பகுதியில் மோசடிக் கும்பல்களிடம் அகப்பட்ட தமிழ்நாட்டு வாலிபர் சிலர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். அவர்களிற் பலர் படித்தவர்களே. வெளிநாட்டு வேலைக்கென்று தமிழ்நாடு அரசாங்கமே 1978-இல் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியிருப்பதால், முதலில் அங்கே விசாரிப்பது உசிதம். கடவுச்சீட்டையும் அசல் சான்றிதழ்களையும் எவரிடமும் ஈடாகக் கொடுத்தலாகாது.

வேலையில் அமர்ந்த பின்னர்

வேலை கிடைத்ததும் நியமனக் கடிதம் கேட்டு வாங்குதல் வேண்டும். 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அதைத் தருவது முதலாளியின் கடமை. வருங்கால வைப்பு நிதியில் தொழிலாளிக்குப் பன்னிரண்டு இலக்கமுள்ள எண் ஒன்று தரப்படும். வேலை மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை. ஒவ்வோரிடத்திலும் புதிய எண் பெற்று, பழைய பணத்தை மறந்துவிடுவோர் தமது சொந்தப் பணத்தையே விட்டுச் செல்கின்றனர்.

மேலே உயர்வதற்கு ஒரே இடத்தில் எத்தனை வருஷம் இருந்தோம் என்பதைவிட, அவ்விடத்தில் என்ன கற்றோம் என்பதே உதவும். தோட்ட வேலைக்குச் சேர்ந்தவன் நாற்றுப் பதிவேடு எழுதக் கற்றால் மேற்பார்வைக்கு வருவான். பதிவேடு எழுதுபவன் கணினியில் கணக்கு ஏற்றப் பழகினால் அலுவலகத்திற்கு வருவான். அடுத்த நிலையிலுள்ளவர் செய்யும் வேலையை, அவர் இல்லாத நாளில் செய்யத் தெரிந்திருப்பதே உயர்வுக்கு நேர்வழி. ஆரோவில் போன்ற இடங்களில் பல தேசத்தாருடன் பழகும் வாய்ப்பு உண்டாதலால், பத்து வருஷம் அங்கே வேலை செய்தும் பேச்சளவிலாவது ஆங்கிலம் கற்காதிருப்பது பெருநஷ்டம். சம்பளம் சிறிது கூடுகிறதென்று ஆறு மாதத்திற்கொருமுறை வேலை மாறுபவனுக்கு எந்தத் தொழிலும் முழுமையாகக் கை வராது. கற்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் விசுவாசம் என்ற பெயரால் தங்கிவிடுவதும் அவ்வாறே தீங்கானது.

பெண்கள் விஷயத்தில் தனியே ஒன்று சொல்லவேண்டியிருக்கின்றது. உப்பளத்திலும் கடலை வயலிலும் வேலையின் பெரும் பாகம் பெண்களுடையது; அளவுகோலும் கணக்குப் புத்தகமும் மட்டும் ஆண்கள் கையில் இருக்கின்றன. இதற்கு நியாயம் ஒன்றும் இல்லை. பாகை பார்ப்பதற்குத் தோள்வலிமை வேண்டியதில்லை. சர்க்கார் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்துக் கல்லூரி, பட்டயப் படிப்பு, தொழிற்பயிற்சி ஆகியவற்றில் சேரும் பெண்களுக்கு மாதம் ரூபாய் 1,000 அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் ஏற்பட்டது. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி கற்ற பெண்ணை வீட்டார் திரும்பவும் வீட்டில் இருத்திவிடுவது, விதைத்த வயலை அறுக்காமல் விடுவதற்கு ஒப்பாகும். மகளிர் சுயஉதவிக் குழுக்களில் கணக்கு எழுதிப் பழகிய பெண்கள் இவ்வட்டாரத்தில் பலர் உள்ளனர். குழுவின் வரவு செலவை ஐந்து வருஷம் பிழையின்றி நடத்தியது விண்ணப்பத்தில் முதல் வரியாக எழுதத்தக்க அநுபவம். அதை எழுதவே கூச்சப்படுகின்றனர்.

பயிற்சிக்குப் பெயர் கொடுக்க எண்ணுவோர் ஆதார் அட்டை, கடைசியாகப் படித்த வகுப்பின் சான்று, சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களையும், இரண்டு புகைப்படங்களையும் எடுத்துச் செல்லல் வேண்டும். உப்பளங்களில் வேலை நிற்பதற்கு முன்னரே, புரட்டாசி மாதத்திலேயே, திண்டிவனம் நிலையத்திலோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ மழைக்காலத்துப் பயிற்சிகளைப் பற்றி விசாரித்துக் கொள்ளலாம்.